எங்கள் வாக்கை நீங்கள் அறிவிக்க வேண்டாம்: மலையகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத் தமிழ்க் கட்சிகளினதும் தொழிற்சங்கங்களினதும் தலைவர்களுக்கு,

அடுத்த சனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனாலும் யாரோடு சேர்வது, எத்தனை இலட்சம் வாக்கைக் காட்டிப் பேரம் பேசுவது என்ற பேச்சு உங்கள் பக்கத்தில் தொடங்கிவிட்டது. 2024இல் அடித்தது ஓர் அலை, அது ஓய்ந்ததும் சனம் பழையபடி நம்மிடம்தான் வரும் என்று உங்கள் ஆட்கள் தோட்டத்தில் சொல்லித் திரிகிறார்கள். அநுரகுமார திசாநாயக்க தலைமையிலான தேசிய மக்கள் சக்தியின் வாக்கு 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 61.56 சதவீதமாக இருந்து, 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் 43.26 சதவீதமாக இறங்கியதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இந்தக் கணக்கு பிழையானது. இதை நம்பி நீங்கள் அடுத்த தேர்தலுக்குப் போனால் நட்டம் உங்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும்தான்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது வத்தளையில் வாடகைக்கு இருந்துகொண்டு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா இன்னும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார், இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் தொழிற்சங்கச் சந்தா வெட்டப்படுகிறது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. நகரம், நகரைச் சுற்றிய ஊர்கள், வயற்காட்டுக் கிராமம், தோட்டம் என்று நான்கு வகை ஆட்களோடும் தினமும் பழகுகிறவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெற்கைப் பாருங்கள். 2019இல் கோட்டாபய ராஜபக்ஷ 52.25 சதவீதம் எடுத்து வென்றார். 69 இலட்சம் வாக்கு. ஐந்து வருடம் கழித்து அதே கட்சியின் வேட்பாளராக நாமல் ராஜபக்ஷ நின்றபோது கிடைத்தது 2.57 சதவீதம், மூன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 2019இல் 3.16 சதவீதம் மட்டும் எடுத்த அநுரகுமார திசாநாயக்க 2024இல் 42.31 சதவீதத்துக்கு ஏறினார். ஒரு நாட்டின் வாக்காளர்கள் ஐந்து வருடத்தில் இந்த அளவுக்கு இடம் மாறுவதை நாம் இதற்கு முன் பார்த்ததில்லை. கம்பஹா மாவட்டம் 2019இல் 59 சதவீதம் கோட்டாபயவின் மொட்டுச் சின்னத்துக்கு, 2024இல் 55 சதவீதம் அநுரவின் திசைகாட்டிச் சின்னத்துக்கு. கொழும்பு மாவட்டமும் அப்படியே. ராஜபக்ஷ குடும்பத்தின் சொந்த அம்பாந்தோட்டையில் 2019இல் 66 சதவீதம் கோட்டாபயவுக்கு விழுந்தது. 2024இல் அங்கும் அநுரதான் முதலிடம்.

இந்த மாற்றம் எங்கே, எப்படி நடந்தது என்பதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரின் மகன் 2019 நவம்பரில் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து எங்கள் சந்தி மதில் முழுக்கச் சித்திரம் வரைந்தான். நாடு திருந்தப் போகிறது என்ற சந்தோசத்தில் அப்போது நாடெங்கும் பொடியன்கள் மதில்களுக்கு வர்ணம் பூசினார்கள், ஞாபகம் இருக்கும். 2022 மார்ச்சில் 13 மணிநேரம் மின்வெட்டு. அதே பையன் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் போட்டுவிட்டு, அந்தச் சங்கிலிக்குக் காவலாக ராத்திரி முழுக்க ரோட்டில் உட்கார்ந்திருந்தான். ஏப்ரலில் கோட்டாபயவுக்கு எதிரான போராட்டத்துக்குக் காலிமுகத்திடலுக்குப் போனான். 2024இல் அவனுடைய மோட்டார் சைக்கிளில் திசைகாட்டி ஒட்டியிருந்தது. அவனை யாரும் மேடையேறி, 'நீ இன்னாருக்குப் போடு' என்று சொல்லவில்லை. அவனுடைய அப்பாகூடச் சொல்லவில்லை.

கிராமத்தில் காரணம் வேறு. எங்கள் கடைக்கு அரிசி ஏற்றிவரும் லொறிச் சாரதி பொலன்னறுவைக்காரர், வீட்டில் வயல் செய்கிறார்கள். 2019இல் நெல்லுக்கு உரம் இலவசம் என்ற வாக்குறுதியை நம்பிப் போட்டார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியையே ஒரு வர்த்தமானியில், அதாவது அரச அறிவித்தலில், நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் கையை விட்டுப் போய்விட்டது. 'இலவசமாகத் தருகிறேன் என்றவர் காசுக்கும் இல்லாமல் செய்துவிட்டார்' என்று அவர் சாக்குகளை இறக்கிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நகர்ப்புறத்தவன் வரிசையில் நின்று மாறினான், விவசாயி வயலில் நின்று மாறினான். இரண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அரசாங்கத்தின் குடிசனக் கணக்கில் நாடு மூன்றாகப் பிரிகிறது: நகரம், கிராமம், தோட்டம். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் நகரம். பிரதேச சபைப் பகுதி எல்லாம், தோட்டம் நீங்கலாக, கிராமம். அதனால் ஹோமாகமயும் களனியும்கூடக் கணக்கில் கிராமம்தான். 2012 கணக்கெடுப்பின்படி 77 சதவீதம் கிராமம், 18 சதவீதம் நகரம், 4.4 சதவீதம் தோட்டம். கொழும்பைச் சுற்றிய இந்தப் புறநகர் வளையம் தாள்களில் எங்குமே தனியாகத் தெரிவதில்லை. 2019இல் கோட்டாபயவைத் தூக்கிவிட்டதிலும் 2024இல் அநுரவைக் கொண்டுவந்ததிலும் இந்த வளையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குள்தான் எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள், கடைகளில், ஆடைத் தொழிற்சாலைகளில், வீட்டு வேலைகளில். உங்கள் கணக்கிலும் அவர்கள் இல்லை.

சரி, தோட்டத்துக்கு வருவோம். 2019இல் உங்களில் ஒரு தரப்பான தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கோட்டாபயவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டத்தில் சஜித்துக்கு 58 சதவீதம், கோட்டாபயவுக்கு 37. 2024இல் கூட்டணி மறுபடியும் சஜித்தோடு, காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவோடு. அங்கே சஜித்துக்கு 43, ரணிலுக்கு 29, அநுரவுக்கு 22 சதவீதம். தெற்கெங்கும் புரண்டுபோன செப்டெம்பரில் மலையகம் மட்டும் நீங்கள் சொன்ன பக்கமே நின்றது என்று நீங்கள் ஆறுதல் அடைந்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் அதே நுவரெலியாவில் தேசிய மக்கள் சக்தி 41 சதவீதத்துக்கு மேல் எடுத்து, எட்டு ஆசனங்களில் ஐந்தைப் பிடித்தது. நுவரெலியாவில் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகாவும் வென்று, மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றம் போனார்கள். இத்தனை காலத்தில் உங்களால் அனுப்ப முடியாமல் போனது அது.

ஏன் செப்டெம்பரில் நடக்காதது நவம்பரில் நடந்தது என்று உங்களில் யாராவது தோட்டத்துக்குப் போய்க் கேட்டீர்களா? என் அம்மாவிடம் பதில் இருந்தது. தேசிய மக்கள் சக்தியின் மூலக் கட்சியான ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) என்ற பெயரே எங்கள் வீட்டில் பயத்தோடு சொல்லப்பட்டது. 1971 கிளர்ச்சிக்கு முன்பு அந்தக் கட்சியின் நிறுவனர் ரோகண விஜேவீர நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அந்த விஸ்தரிப்பின் கையாட்களாகப் பார்த்த வகுப்பு அது. அப்பாவின் தலைமுறைக்கு அது மறக்கவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஆளாளுக்குப் பங்குபோடப்பட்டு, 77, 83 இனக் கலவரங்களில் அடிவாங்கிய சனத்துக்குப் பயம் சும்மா வரவில்லை. 2023 அக்டோபரில் ஹட்டனில் அவர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டு, மலையக மக்களைச் சம பிரசைகளாக நடத்துவோம் என்று சொன்னபோதும் அம்மா நம்பவில்லை. 'அவுங்க வந்தா நம்மள விரட்டிருவாங்கன்னு உங்கப்பா சொல்லுவாரு தம்பி' என்பார். அநுர வென்ற பிறகு சில வாரம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டே, 'ஒண்ணும் ஆகலியே தம்பி' என்றார். அவ்வளவுதான். நவம்பரில் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் வாக்குக்குப் பூட்டாக இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. அது உங்கள் மீதான விசுவாசம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் பயம்தான் அது. பயம் விட்டதும் கை நகர்ந்தது.

தோட்டத்து வாக்கும் கிராமத்து வாக்கும் வேறு வேறு உலகம் என்றே நீங்கள் பேசி வந்தீர்கள். ஆனால் அதே உரத் தடை தேயிலையையும் விழுத்தியது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவுக்கு வந்தது. கொழுந்து குறைந்தால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். அம்மாவுக்கு எத்தனையோ நாள் அரைப்பேர் விழுந்தது. அந்தச் சமயம் பொலன்னறுவை விவசாயியும் பொகவந்தலாவைத் தொழிலாளியும் ஒரே வர்த்தமானியால் அடிபட்டவர்கள் என்று மேடையில் சொல்ல ஒரு தலைவர் வரவில்லை. உங்களில் ஒரு பகுதியினர் அந்த அரசாங்கத்திலேயே பதவியில் இருந்தீர்கள்.

சம்பளத்திலும் இதே கதைதான். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. பட்டாசு கொளுத்தினார்கள். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் தேர்தலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வர்த்தமானி வந்தது. மேலதிகக் கொழுந்துக்கும் ஊக்குவிப்புக்கும் கணக்குப் பார்த்து மீதியைச் சேர்த்துக்கொள் என்றார்கள். மேடையில் கேட்ட எண்ணுக்கும் சம்பளச் சீட்டில் பார்த்த எண்ணுக்கும் இடையில் இருந்த வித்தியாசம்தான் அந்த வருடத் தேர்தலில் எங்கள் வீடுகளில் பேசப்பட்டது. இப்போதைய அரசாங்கம் 2026 ஜனவரியிலிருந்து 1,550 அடிப்படைச் சம்பளம், 200 ரூபாய் அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு என்று 1,750க்குக் கொண்டுவந்திருக்கிறது. அதுவும் இன்றைய அரிசி விலைக்குக் காணாது. நாளைக்கு அவர்களுக்கும் இதே சனம் கணக்குக் கேட்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் மண்ணைச் சரித்தபோது, பாதுகாப்பான காணி எங்கே என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் இன்னும் இல்லை. அந்தக் கோபம் தானாக உங்கள் பெட்டிக்குத் திரும்பும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இத்தனை வருடம் லயம் மலைச்சரிவிலேயே இருந்ததற்கு நீங்களும் பதில் சொல்லவேண்டியவர்கள்.

இனி எங்களைப் போன்றவர்கள். தோட்டத்தில் பெயர் பதிந்து கொழும்பில் வேலை செய்கிறவர்கள். 2024 செப்டெம்பர் 21 சனிக்கிழமை. நான் வேலை செய்யும் இடத்தில் சனிக்கிழமையும் கடை திறப்பார்கள். வாக்களிக்கப் போகும் தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டும், 40 கிலோமீற்றருக்குள் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று விதி இருக்கிறது. எழுத்தில் கேள் என்கிறது விதி. எழுத்தில் கேட்டவனுக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி. எங்கள் கடையில் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் போக அனுமதி கிடைத்தது. அந்த வெள்ளி இரவு பஸ்டியன் மாவத்தையில் ஹட்டன் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள் இருந்தார்கள். ஏற முடியாமல் திரும்பிப் போனவர்களையும் பார்த்தேன். அரச ஊழியருக்கு அஞ்சல் வாக்கு உண்டு, 2024இல் ஏழு இலட்சம் பேருக்கு மேல் அந்த வழியில் வாக்களிக்கத் தகுதி பெற்றார்கள். கடைச் சிப்பந்திக்கும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைக்கும் அது இல்லை.

அப்படியானால் இருக்கிற இடத்திலேயே பதிந்துகொள்ளலாமே என்பீர்கள். முயன்றேன். வாடகைக்கு இருப்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்க வீட்டுக்காரர் விரும்புவதில்லை, நாளைக்குக் காணிக்கு உரிமை கேட்பான் என்று பயம். கிராம உத்தியோகத்தர் வீட்டுக்காரரின் கையெழுத்துடன் வா என்கிறார். அதனால் பெயர் தோட்டத்திலேயே கிடக்கிறது, ஆள் வத்தளையில் கிடக்கிறான். எங்களுடைய வாக்கு எங்கே போனது என்று நீங்கள் தேடவே இல்லை. தேர்தல் முடிந்ததும் வாக்குவீதம் குறைவு என்று கவலைப்பட்டதோடு சரி.

இன்னொரு விசயத்தில் உங்கள் மௌனம் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2024இல் யாரும் பாதிக்கு மேல் எடுக்காததால், இந்த நாட்டின் வரலாற்றில் முதல் தடவையாக, தோற்ற வேட்பாளர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பு வாக்கு எண்ணப்பட்டது. முதல் சுற்றில் அநுரவுக்கும் சஜித்துக்கும் வெளியே, மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தவை 33 இலட்சம் வாக்குகள். அவற்றில் இந்த இருவரில் ஒருவருக்கு விருப்பாகப் போய்ச் சேர்ந்தவை 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். மீதி முப்பது இலட்சம் பேருக்குக் கடைசிப் போட்டியில் எந்தச் சொல்லும் இல்லாமல் போனது. நுவரெலியாவில் மட்டும் ரணிலுக்குப் போட்டவர்கள் ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேல். எங்கள் லயத்துக்கு வந்த, சங்கத்தின் தோட்டத் தலைவர் சின்னத்தைக் காட்டி, 'இதுக்கு மட்டும் போடுங்க, வேற எதுவும் எழுதாதீங்க, வாக்கு பழுதாகிடும்' என்று சொல்லிவிட்டுப் போனார். 1, 2, 3 என்று எழுதினால் வாக்கு பழுதாகாது என்று யாருமே சொல்லித்தரவில்லை. சஜித், அநுர இருவரில் யார் வேண்டும் என்று என் அம்மாவால் சொல்லியிருக்க முடியும். அந்த வாய்ப்பை அறியாமையால் இழக்கவைத்தவர்கள் எதிரிகள் அல்ல, நம்மவர்கள்.

இனி நான் கேட்பவை.

அடுத்த சனாதிபதித் தேர்தலில் எந்த வேட்பாளரை ஆதரிப்பது என்று கொழும்பு ஹோட்டலில் முடிவெடுத்துவிட்டு எங்களுக்கு அறிவிக்காதீர்கள். முதலில் தோட்டங்களில் கூட்டம் வையுங்கள், வேலைக்குப் பின் பெண்கள் வரக்கூடிய நேரத்தில். வேட்பாளரிடம் நீங்கள் வைக்கும் நிபந்தனைகளை, காணி, வீடு, சம்பளம் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுத்தில் வெளியிடுங்கள். அவர் ஒப்புக்கொண்டாரா இல்லையா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். வென்ற பிறகு வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்துக்கு வந்து பதில் சொல்லுங்கள். சந்தா வாங்குகிறவர்களிடம் இதைக் கேட்பது அதிகமில்லை.

பாராளுமன்றத்தில் உங்களுக்கு இருக்கும் ஆசனங்களைக் கொண்டு, வெளியூரில் வேலை செய்யும் தனியார் ஊழியர் முற்கூட்டியே வாக்களிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். அரசாங்கத்தில் இருக்கும் மலையக உறுப்பினர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்சி பார்க்க வேண்டாம். அது நிறைவேறும்வரை, தேர்தல் லீவு கொடுக்காத முதலாளியைப் பற்றித் தொழிலாளி பெயர் சொல்லாமல் முறையிடக்கூடிய ஓர் ஏற்பாட்டைத் தொழில் திணைக்களத்திடமும் தேர்தல்கள் ஆணைக்குழுவிடமும் கேட்டு வாங்குங்கள். தேர்தலுக்கு முந்திய இரவு புறக்கோட்டையிலிருந்தும் கட்டுநாயக்கவிலிருந்தும் மலைநாட்டுக்கு மேலதிக பஸ் விடச் சொல்லுங்கள்.

வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமலே, தொழில் வழங்குநரின் கடிதத்தையோ சத்தியக் கடதாசியையோ காட்டித் தான் இருக்கும் இடத்தில் பதிய முடியவேண்டும். இதை ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வத்தளை, மாபோலை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளில் உங்கள் கட்சிகளுக்குக் கிளைகள் இருந்தால் அவை இந்தப் பதிவு வேலையைச் செய்யட்டும், தேர்தல் காலத்துச் சுவரொட்டி வேலையை மட்டும் அல்ல.

தோட்டத் தலைவர்கள் எல்லோருக்கும் விருப்பு வாக்கு எப்படிப் போடுவது என்று இப்போதே பயிற்சி கொடுங்கள். மாதிரி வாக்குச்சீட்டை லயத்துக்கு லயம் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளர் தோற்றாலும் எங்கள் இரண்டாவது தெரிவு எண்ணப்படவேண்டும்.

இந்த நான்கில் எவற்றைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள் என்பதை அடுத்த மே தினத்துக்கு முன்பு எழுத்தில் அறிவியுங்கள். மே தின மேடையில் எண் சொல்வதற்கு முன்பு இந்தப் பதில் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையில் பதிந்து வத்தளையில் வாழும் ஒரு வாக்காளன்